ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் ரெவ் ஏறுமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்ட தம்பி, யமஹா ஒய்15 மோட்டார் சைக்கிளில் ரேசிங் கேம் (வால்வைத் தள்ளித் திறக்கும் தண்டு) போட்டும் 10,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) மேல் இன்ஜின் படபடக்கிறது, வால்வை மூடும் ஸ்பிரிங்கை மாற்றினால் போதுமா என்கிறீர்கள். பாதி சரி.

10,000-இல் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 83 தடவை திறந்து மூடுகிறது. அதைக் கேமோடு ஒட்டி வைத்திருக்கத் தேவையான விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும், 9,000-லிருந்து 10,500 போனாலே சுமார் 36 சதவீதம் கூடுதல். ஸ்பிரிங் தோற்றால் வால்வு மிதக்கும், அதாவது கேமை விட்டு விலகி நேரத்துக்கு மூடாது, அப்புறம் பிஸ்டனில் முட்டும். எனக்கு முட்டியது. கழற்றினால் பிஸ்டன் தலையில் பிறைநிலா மாதிரி ஒரு வெட்டு. அன்றைக்குச் செம்பனை லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, தோட்டத்திலிருந்து பட்டறை வரை மோட்டாரைத் தள்ளினேன்.

அதற்காக ரொம்பக் கடினமான ஸ்பிரிங்கும் வேண்டாம், கேமும், அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கரும் சீக்கிரம் தேயும். ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்து வைக்கும் மூடியான ரிடெய்னரை டைட்டானியத்தில் போட்டால் எடை குறையும், காசு இருந்தால் போடுங்கள். முக்கியமானது வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி: பிஸ்டன் மேல் களிமண் வைத்து, ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பகுதி) பூட்டி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றி, மறுபடி கழற்றிக் களிமண்ணை வெட்டி, மெல்லிய இடத்தின் தடிமனை அளந்து பாருங்கள். வால்வு முழுதாகத் திறக்கும்போது ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றையொன்று தொடவே கூடாது. ஃபோர்மேன் "பரவாயில்லை" என்றாலும் நீங்களே பாருங்கள்.