டீச்சரைக் கேளுங்கள்: ஐம்பது தடவை எழுதினால் பிழை போய்விடுமா?

34 ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலுமே இருந்தவள் நான். மேல் வகுப்புக்கு மாற்றட்டுமா என்று கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றேன். பிள்ளைகள் முதன்முதலாக ஒரு சொல்லைத் தானாக எழுதும் இடத்தில் இருக்கத்தான் எனக்குப் பிடிக்கும். இந்த மாதக் கடிதங்களில் எழுத்துப்பிழை பற்றியவைதான் அதிகம். அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு. சொல்வதெழுதுதலில் பத்துக்கு நான்குதான் வாங்குகிறாள். தப்பாக எழுதிய ஒவ்வொரு சொல்லையும் 50 தடவை எழுதி வரச் சொல்கிறார்கள். எழுதும்போதே அழுகிறாள். விளையாட்டாகப் பழக்க வழி உண்டா? (கரூர் வாசகி)

உண்டு, அம்மா. ஆனால் முதலில் அந்த ஐம்பது தடவையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நானும் அதைச் செய்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்புப் பையன் ஒருவன் 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதிவிட்டான். ஐம்பது தடவை எழுது என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன். திரும்பி வந்து அவன் பின்னால் நின்று பார்த்தால், நோட்டின் மேலிருந்து கீழ் வரை ப, ப, ப என்று ஒரு வரிசை எழுதி முடித்திருக்கிறான். அதன் பக்கத்தில் ள் வரிசை பாதி வந்திருக்கிறது. அப்புறம் ளி வரிசை வரும். ஐம்பது தடவையும் எழுதி முடித்தான். 'பள்ளி' என்ற சொல்லை ஒரு தடவைகூட எழுதவில்லை. மறுநாள் சொல்வதெழுதுதலில் மறுபடியும் பல்லிதான்.

அந்தப் பிள்ளைமேல் குற்றமே இல்லை. கை மட்டும் ஓடியது, வாயும் காதும் சும்மா இருந்தன. அன்றோடு அந்தத் தண்டனையை விட்டுவிட்டேன். உங்கள் மகளின் ஆசிரியரிடம் பக்குவமாகப் பேசிப் பாருங்கள். 'ஐம்பதுக்குப் பதிலாக மூன்று தடவை, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதட்டுமா?' என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் காய்கறிச் சீட்டை அவளையே எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் ஐந்து பெயர் போதும். தக்காளி, வெங்காயம், முருங்கைக்காய், பூண்டு, உருளைக்கிழங்கு. நீங்கள் வாயால் சொல்லுங்கள், அவள் எழுதட்டும். பிழை இருந்தாலும் திருத்தாதீர்கள். சீட்டை அவள் கையிலேயே கொடுத்து உழவர் சந்தைக்கு அழைத்துப் போங்கள். அங்கே அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள் அல்லவா? 'உன் சீட்டில் இருக்கிறதும் பலகையில் இருக்கிறதும் ஒன்றா என்று பார்' என்று மட்டும் சொல்லுங்கள். உருளைக்கிழங்கில் முதலில் ள, பிறகு ழ. அதைப் பலகையில் தானே கண்டுபிடித்து, தன் சீட்டில் தானே அடித்துத் திருத்துகிற பிள்ளைக்கு அந்தச் சொல் மறக்காது. சில நாள் பலகையிலேயே பிழை இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த வாரம் முழுவதும் வீட்டில் அதே பேச்சாக இருக்கும்! கத்தரிக்காய், கத்திரிக்காய் இரண்டுமே வழக்கில் இருப்பவை. அதற்காகச் சண்டை வேண்டாம்.

மற்ற நாள்களில் பத்து நிமிடம், மூன்றே சொல். சொல்லைப் பார்க்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கையால் மூட வேண்டும், எழுத வேண்டும், திறந்து பார்த்துத் தானே சரிபார்க்க வேண்டும். மதிப்பெண் போடுவதும் அவளே. நடுவில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டமான பகுதி, பெற்றோருக்கு.

கேள்வி: மகன் ல, ள, ழ மூன்றையும் குழப்புகிறான். 'வாளப்பளம்' என்றே எழுதுகிறான். என் அம்மா அப்படித்தான் பேசுவார். அவரைப் பார்த்துத்தான் பழகிவிட்டான் என்று வீட்டில் மனத்தாங்கல். (திருநெல்வேலி வாசகி)

பாட்டியை ஒன்றும் சொல்லாதீர்கள். தென் மாவட்டங்களில் அது பேச்சு வழக்கு. சென்னைப் பக்கம் பிறந்திருந்தால் அந்தப் பிள்ளை 'வாயப்பயம்' என்று எழுதியிருப்பான். காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான் என்றால் காது நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். வீட்டில் பேசுகிற மாதிரி ஒன்று, எழுதுகிற மாதிரி ஒன்று என்று இரண்டு இருக்கிறது, இரண்டும் நமக்கு வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

இந்த மூன்றையும் கண்ணாடி முன்னால் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தால்தான் பிடிபடும். 'ல' சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டும். 'ள' சொல்லும்போது நாக்கு மேல்பக்கமாக மடங்கி அண்ணத்தைத் தொடும். வாயை நன்றாகத் திறந்து சொன்னால் நாக்கின் அடிப்பக்கம் கண்ணாடியில் தெரியும். பிள்ளைகளுக்கு அதைப் பார்ப்பதில் அவ்வளவு குஷி. 'ழ'வுக்கும் நாக்கு மடங்கும், ஆனால் எங்கும் ஒட்டாது. 'ஒட்டுதா, ஒட்டலையா?' என்று கேட்டுக்கொண்டே போங்கள். பத்து நாளில் நாக்குக்குத் தெரிந்துவிடும், அப்புறம் கைக்கு வந்துவிடும்.

பிறகு பாண்டி. வாசலில் சாக்பீஸால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாக ல, ள, ழ என்று மாற்றி மாற்றி எழுதுங்கள். நீங்கள் 'புலி' என்றால் ல கட்டத்தில் குதிக்க வேண்டும். 'புளி' என்றால் ள. 'வழி' என்றால் ழ. மூலை, மூளை, ஒலி, ஒளி, தலை, தழை என்று ஜோடியாகச் சொன்னால் ஆட்டம் சூடு பிடிக்கும். நடுவில் பாட்டியையும் சொல் சொல்ல விடுங்கள். அவர் 'வளி' என்று சொன்னால், 'பாட்டி, காற்றா, பாதையா?' என்று பேரன் கேட்கட்டும். வளி என்றாலும் காற்றுதானே. அந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைக்கு எழுத்து மாறினால் பொருள் மாறும் என்பது புரிந்துவிட்டது.

கேள்வி: இரண்டு சுழி ன, மூன்று சுழி ண. எங்கே எது வரும் என்று எனக்கே சில சமயம் சந்தேகம். பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது? (தாம்பரம் வாசகர்)

தம்பி, சந்தேகம் வருவது இயல்பு. மனம், மணம், பனி, பணி போன்றவற்றைப் படித்துப் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் புள்ளி வைத்த எழுத்தாக வரும்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. மெல்லின எழுத்துகள் ஆறுக்கும் ஆளுக்கொரு கூட்டாளி உண்டு. ங்-க, ஞ்-ச, ண்-ட, ந்-த, ம்-ப, ன்-ற. சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு, கன்று. ட பக்கத்தில் நின்றால் மூன்று சுழி, ற பக்கத்தில் நின்றால் இரண்டு சுழி.

என் வகுப்பில் 12 பிள்ளைகளின் கழுத்தில் ஆளுக்கு ஒரு எழுத்தட்டை மாட்டுவேன். அட்டை என்ன அட்டை, பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்தான். 'குன்று' என்று சொன்னதும் 'ன்' ஓடிப்போய் 'ற'வின் கையைப் பிடிக்க வேண்டும். ஒரு தடவை 'நண்டு' என்றேன். 'ன்' மாட்டிய குழந்தை ஓடிப்போய் 'ட'வின் கையைப் பிடித்துவிட்டது. அந்த 'ட' கையை உதறிவிட்டு, 'நீ என் ஆள் இல்லை, மூணு சுழிதான் என் ஆள்' என்று கத்தினாள். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் ஒரே பிள்ளைதான் என்றால், அந்தப் 12 அட்டைகளையும் தரையில் கவிழ்த்துப் போட்டு, இரண்டிரண்டாகத் திருப்பி ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நாம் பேசும்போது ஒண்ணு, மூணு, கன்னு என்கிறோம். எழுதும்போது ஒன்று, மூன்று, கன்று. பிள்ளை 'மூனு' என்று எழுதினால் அது கவனக்குறைவு இல்லை, பேச்சை எழுத்தாக்கும் முயற்சி. 'வீட்டுச் சொல், புத்தகச் சொல்' என்று நோட்டில் இரண்டு பத்தி பிரித்து எழுதிவரச் சொல்லுங்கள். ('முயற்சி' என்று எழுதும்போது ற் பக்கத்தில் இன்னொரு புள்ளியெழுத்து வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். 'முயற்ச்சி', 'பயிற்ச்சி' என்று கடைப் பலகைகளில்கூடப் பார்க்கிறேன், மனசு வலிக்கிறது.)

கேள்வி: ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'கெ', 'கே' எழுதும்போது கொம்பைப் பின்னால் போடுகிறது. (ஈரோடு வாசகி)

க என்ற ஒலிதான் முதலில் வருகிறது, எ பின்னால் வருகிறது. வாயில் வரும் வரிசையிலேயே எழுதுகிறது குழந்தை. கொம்பு ரயில் எஞ்சின் மாதிரி, பெட்டிக்கு முன்னால்தான் நிற்கும் என்று சொல்லுங்கள். சப்பாத்தி மாவில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, சங்கிலிக் கொம்பு மூன்றையும் உருட்டிச் செய்துவைத்து, தட்டில் கிடக்கும் 'க'வுக்கு முன்னால் மாற்றி மாற்றி வைக்கட்டும். பென்சில் அப்புறம்.

கேள்வி: ஆங்கில ஸ்பெல்லிங்குக்கும் இதெல்லாம் உதவுமா? (கோவை வாசகர்)

மூடி எழுதிப் பார்ப்பது அப்படியே உதவும். ஆங்கிலத்தில் ஒலிக்காத எழுத்துகள் உண்டு என்பதால் இன்னொரு வேடிக்கையும் செய்யலாம். எழுத்தில் இருக்கிற மாதிரியே வாயால் சொல்ல வேண்டும். புதன்கிழமைக்கு 'வெட்-நெஸ்-டே', கத்திக்கு 'க்-நைஃப்'. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மனத்தில் வைத்துக்கொள்வார்கள். சரியான உச்சரிப்பையும் உடனே ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 74. பேத்திக்கு எழுதிக் காட்டினால் 'தாத்தா, லை தப்பு' என்கிறாள். நான் பழைய லையைத்தான் எழுதிப் பழகியவன். அவளைக் குழப்புகிறேனோ? (கும்பகோணம் வாசகர்)

இல்லவே இல்லை, ஐயா. நீங்கள் எழுதுவது தும்பிக்கை வைத்த லை, அதாவது சங்கிலிக் கொம்புக்குப் பதிலாக யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு போட்ட பழைய வடிவம். பெரியார் 1935-லேயே தம் பத்திரிகையில் கையாண்ட சீர்திருத்தத்தை ஒட்டி, 1978-ல்தான் தமிழக அரசு ஆணை போட்டு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. ணை, லை, ளை, னை என்ற நான்கும் தும்பிக்கையை இழந்தது அப்போதுதான். ணா, றா, னா மூன்றும் துணைக்காலைத் தனியாகப் பெற்றதும் அப்போதே. நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் உங்கள் லைதான் சரியான லை.

இதையே விளையாட்டாக்குங்கள். வாரம் ஒரு அஞ்சலட்டையில் நான்கு வரி பழைய எழுத்தில் எழுதி, ஒரே வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை, பேத்தி பெயருக்குத் தபாலில் போடுங்கள். வாழை இலை, மழை, யானை, பூனை, மலை எல்லாம் வருகிற மாதிரி. எத்தனை தும்பிக்கை ஒளிந்திருக்கிறது என்று அவள் கண்டுபிடித்து, புது எழுத்தில் பதில் அட்டை எழுத வேண்டும். மழையிலும் வாழையிலும் தும்பிக்கை இருக்காது, அங்கே வெறும் சங்கிலிக் கொம்புதான். அதில் அவள் ஒரு தடவையாவது ஏமாறுவாள். ஏமாறட்டும், விடையை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.