ஹூடியும் துவர்த்தும்

அன்புள்ள அக்கா,
பொண்ணு காலேஜ் ரெண்டாம் வருஷம். ஆறு மாசமா கருப்பு ஹூடிய கழட்டவே மாட்டேங்குறா, மே மாச வெயில்லகூட. நேத்து பிடுங்கி வாஷிங் மெஷின்ல போட்டேன், ஒரே சண்டை. இது ஃபேஷனா, டிப்ரஷனா? எப்படி கழட்ட வைக்குறது?
வாசகி, மதுரை

அன்புள்ள தங்கச்சி,

ஃபேஷனா டிப்ரஷனான்னு நான் சொல்ல முடியாது, டாக்டர் இல்ல. ஆனா "பிடுங்கி"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்கு மேல படிக்க முடியல. வளந்த பொண்ணு மேல கெடக்குற துணிய பிடுங்குறதுக்கு பெத்தவன்னா உரிமை வந்துருமா?

போன வாரம்தான் அம்மா பீரோவ ஒதுக்கினேன், அவ துவர்த்து ஒண்ணு கெடச்சுது, எங்க ஊர்ல துண்டத்தான் அப்படி சொல்லுவோம். மூணு வருஷம் முன்னாடி ஆபரேஷனுக்கு போனப்ப ஆஸ்பத்திரில பின்பக்கம் முடிச்சு போடுற கவுன் குடுத்தாங்க, அதுல ஒரு நாடா அறுந்து கெடந்துச்சு. வயசு எழுபத்தி நாலு, முந்தானை தோள விட்டு நழுவி நான் பாத்ததே இல்ல, ஒரு கைல டிரிப்ஸ், இன்னொரு கையால முதுகுப்பக்கம் கவுன சேத்துப் பிடிச்சுக்கிட்டு காரிடார்ல நடக்குறா. கத்தி வைக்கப் போறாங்கன்னு பயமே இல்ல அவளுக்கு. "மக்களே, அந்த துவர்த்த தா"ன்னு மட்டும் கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா, "சும்மா வாம்மா, இங்க யாரு பாக்கப் போறா"ன்னேன். ரூமுக்கு திரும்பி வந்ததும் தானா எடுத்து தோள்ல போட்டுக்கிட்டா, அப்பதான் முதுகுல இருந்த கை கீழ எறங்குச்சு.

எங்க ஊர்ப்பக்கம் இது சின்ன விஷயம் இல்ல. அந்தக் கால திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துல எங்க ஆளுக, நாடார் பொம்பளைங்க, தோள்சீலைன்னு மார மறைக்குற மேல்துணி போட்டா மேல்ஜாதிக்காரங்க சந்தைல வச்சே கிழிச்சாங்க. 1822லேர்ந்து விட்டு விட்டு கலகம் நடந்து 1859 ஜூலை 26லதான் ராஜா உத்தரவு போட்டாரு, அதுலயும் மேல்ஜாதிப் பொம்பளைங்க மாதிரி போடக்கூடாதுன்னு ஒரு கண்டிஷன். அந்தக் கதையெல்லாம் அம்மா சொல்லி வளந்தவ நான், அவளையே அன்னிக்கு அப்படி நடக்க விட்டேன்.

ஆறு மாசமான்னு சொல்றீங்களே, அந்த ஆறு மாசம் முன்னாடி என்னாச்சுன்னு கேட்டீங்களா? பஸ்ல, காலேஜ்ல, வீட்டுக்கு வந்து போற சொந்தக்காரங்கள்ல யாராவது ஏதாவது பண்ணாங்களா, உடம்ப பத்தி ஏதாவது சொன்னாங்களா? வெயிலு வெயிலுன்னு எழுதுறீங்க, வேர்க்குதுன்னு அவளுக்கு தெரியாதாம்மா?

ஹூடி இந்நேரம் காஞ்சிருக்கும். மடிச்சு அவ கைல குடுங்க, பிடுங்குனது தப்புன்னு சொல்லுங்க. தூக்கம் சாப்பாடு எல்லாம் கொறஞ்சிருந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, ஹூடியோடயே.