வாசகர் கேள்விகள்: வாடகையை நிர்ணயிக்கும் மென்பொருள்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் டல்லாஸ் அருகே ஓர் அப்பார்ட்மென்டில் குடியிருக்கிறாள். லீஸைப் புதுப்பிக்கும்போது வாடகையைக் கணிசமாகக் கூட்டிவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, “கம்ப்யூட்டர் காட்டும் தொகை இது, எங்களால் மாற்ற இயலாது” என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். பக்கத்து வளாகத்திலும் ஏறக்குறைய அதே வாடகைதான். இதைச் சட்டம் அனுமதிக்கிறதா? (மதுரை வாசகர்)

பதில்: அந்த வளாகத்தில் எந்த மென்பொருள் இயங்குகிறது என்பது தங்கள் கடிதத்தில் இல்லை. ஆனால் மகளுக்குச் சொல்லப்பட்ட காரணம், அமெரிக்க நீதித் துறை எட்டு மாநிலங்களுடன் சேர்ந்து 2024 ஆகஸ்டில் தொடுத்த பெரிய வழக்கு ஒன்றோடு நேரடியாகத் தொடர்புடையது. டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் தலைமையகம் கொண்ட ரியல்பேஜ் நிறுவனம், ஒன்றுக்கொன்று போட்டியாளர்களான குடியிருப்பு நிறுவனங்களிடமிருந்து, லீஸில் உண்மையாகக் கையெழுத்தான வாடகை, காலியாகக் கிடக்கும் வீடுகள், லீஸ் முடியும் தேதிகள் போன்ற வெளியாருக்குத் தெரியாத விவரங்களைத் திரட்டி, அவற்றின் அடிப்படையில் ஒவ்வொரு வீட்டுக்கும் அன்றன்றைய வாடகையைப் பரிந்துரைத்தது என்பது குற்றச்சாட்டு.

நடைமுறை எப்படி இருந்தது என்பதை வழக்கு மனு விரிவாகவே சொல்கிறது. வளாக மேலாளர் காலையில் திரையைத் திறந்தால், எந்த வீட்டுக்கு எவ்வளவு என்பது அங்கே தயாராக இருக்கும். அதை ஏற்பது எளிது. தானாகவே ஏற்றுக்கொள்ளும்படி அமைத்துவிடவும் வழியுண்டு. ஏற்க மறுத்தால் மட்டும் காரணம் எழுத வேண்டும்; அந்தக் காரணம் போதாது என்று ரியல்பேஜின் விலை ஆலோசகர் கருதினால், விஷயம் மேலாளரின் மேலதிகாரி வரை போகும். ஒப்புக்கொள்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை, மறுப்பவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டில், பரிந்துரை என்பது பெயரளவுக்குத்தான் பரிந்துரையாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து. தங்கள் மகளிடம் “எங்களால் மாற்ற இயலாது” என்று சொன்ன ஊழியர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

போட்டியாளர்கள் கூடிப் பேசி விலை வைப்பதை 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம் தடுக்கிறது. கூடிப் பேசாமல், எல்லாரும் ஒரே மென்பொருளிடம் விவரங்களை ஒப்படைத்தால் என்ன செய்வது? அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் பொறுப்புத் தலைவராக இருந்த மொரீன் ஓல்ஹவுசன் 2017இல் ஒரு தெளிவான சோதனையைச் சொன்னார்: ‘அல்காரிதம்’ (மென்பொருள் கணக்கிடும் முறை) என்று வரும் இடத்தில் ‘பாப் என்ற ஓர் ஆள்’ என்று போட்டுப் படியுங்கள்; பாப் செய்தால் குற்றமாகும் காரியத்தை அல்காரிதமும் செய்யக் கூடாது. இதைவிடச் சுருக்கமாக இதை விளக்க முடியாது என்று நினைக்கிறேன்.

2025 நவம்பரில் ரியல்பேஜ் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே நீதித் துறையோடு சமரசத்துக்கு வந்தது. அதன்படி, மென்பொருளைப் பழக்குவதற்குப் பயன்படுத்தும் வெளியாகாத விவரங்கள் குறைந்தது 12 மாதங்கள் பழையனவாக இருக்க வேண்டும். ஏறக்குறைய 9,50,000 வீடுகளை நிர்வகிக்கும் கிரேஸ்டார் நிறுவனம் அதற்கு முன்பே, ஆகஸ்டில், தனியாகச் சமரசம் செய்துகொண்டது. குடியிருப்போர் தொடுத்த வழக்குகள் நாஷ்வில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. இழப்பீடு குறித்து மகளுக்கு அறிவிப்புக் கடிதம் ஏதும் வந்தால் அதை விளம்பரம் என்று எண்ணித் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். நீதித் துறையுடன் சேர்ந்து வழக்காடிய மாநிலங்களில் டெக்சாஸ் இல்லை. ஆகவே இப்போதைக்கு அவர் செய்யக்கூடியது, அதே வளாகம் புதிதாக வருவோருக்கு இணையதளத்தில் என்ன வாடகை காட்டுகிறது என்று பார்த்து, அது குறைவாக இருந்தால் அதைக் குறிப்பிட்டு, வெவ்வேறு கால அளவுள்ள லீஸ்களுக்கான வாடகையையும் சேர்த்து எழுத்து மூலம் கேட்பதே.

கேள்வி: வாடகை ஏறுவதற்கு வீட்டுப் பற்றாக்குறைதானே காரணம்? மென்பொருளைத் தடை செய்தால் வீடுகள் கூடிவிடுமா? (சேலம் வாசகர்)

பதில்: கூடாது. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் ஏராளமான வீடுகள் கட்டி முடிக்கப்பட்ட பிறகுதான் வாடகை இறங்கியது. ஆகவே கட்டச் சொல்வோரின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் வீடு கட்ட ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை குடியிருப்பவரின் கையில் இருக்கும் ஒரே பலம், அடுத்த வளாகத்துக்காரர் தம் காலி வீட்டை நிரப்ப அவசரப்படுவார் என்பதே. போட்டியாளர்கள் எவருக்கும் அந்த அவசரம் இல்லை என்பதை உறுதிப்படுத்தும் கருவி, அந்தப் பலத்தையும் பறித்துவிடுகிறது. பற்றாக்குறை உள்ள ஊரில்தான் அதன் வலி அதிகம். இத்தகைய மென்பொருள் பயன்படும் வீடுகளில் சராசரியாக மாதம் 70 டாலர் கூடுதல் சுமை என்று வெள்ளை மாளிகைப் பொருளாதார ஆலோசகர் குழு 2024 டிசம்பரில் மதிப்பிட்டது. காலி வீடுகள் மிகுந்தால் தன் மென்பொருள் வாடகையைக் குறைக்கவும் சொல்கிறது என்பது ரியல்பேஜின் பதில்.

எதைத் தடுக்க வேண்டும் என்பதில்தான் சட்டங்கள் வேறுபடுகின்றன. 2024இல் முதல் நகரமாகத் தடை கொண்டுவந்த சான் பிரான்சிஸ்கோ, வெளியாகாத போட்டியாளர் விவரங்களைக் கொண்டு வாடகை நிர்ணயிப்பதைக் குறிவைத்தது. 2025 அக்டோபரில் முதல் மாநிலமாகச் சட்டம் இயற்றிய நியூயார்க், பல உரிமையாளர்களின் விவரங்களைத் திரட்டி அலசி வாடகை பரிந்துரைக்கும் வேலையையே தடை செய்தது. அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று ரியல்பேஜ் வழக்குத் தொடுத்தது. கொலராடோவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநரே நிராகரித்தார்.

என் சாய்வு சான் பிரான்சிஸ்கோ வழியின் பக்கம்தான். விளம்பரத்தில் உள்ள வாடகையைப் பார்த்துத் தன் வாடகையை வைப்பது எந்த ஊரிலும் தவறாகாது. லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகள் ஒரே விலை மென்பொருளைப் பயன்படுத்தியது பற்றிய வழக்கில், 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதிகளுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஒருவரின் ரகசிய விவரம் மற்றவரின் விலைக்குள் போனதாக அங்கே வாதிடப்படவில்லை. ரகசியம் கைமாறும் இடத்தில் சட்டம் உறுதியாக நிற்க வேண்டும். ரியல்பேஜ் சமரசத்தில் உள்ள 12 மாத நிபந்தனை பயனுள்ளதுதான். என்றாலும் தானாக ஏற்கும் வசதியும், மறுத்தால் விளக்கம் கேட்கும் வழக்கமும் தொடருமானால், பழைய விவரத்தைக் கொண்டும் எல்லாரையும் ஒரே திசையில் நகர்த்த முடியும்.

கேள்வி: இது நம் ஊருக்கும் வருமா? (சென்னை வாசகர்)

பதில்: இங்கே வீட்டை வாடகைக்கு விடுவோரில் பெரும்பாலோர் தனி உரிமையாளர்கள்; தெருவில் விசாரித்தும் புரோக்கரைக் கேட்டும் வாடகை சொல்கிறார்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் தொகையை இரு தரப்பின் ஒப்பந்தத்துக்கே விட்டுவிடுகிறது. ஊபர், ஓலா செயலிகள் ஓட்டுநர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கட்டணம் வைப்பது கூட்டுவிலை என்ற புகாரை இந்தியப் போட்டி ஆணையம் தள்ளுபடி செய்தது. ஓட்டுநர்களுக்குள் உடன்பாடு எதுவும் இல்லை என்ற அந்த முடிவை 2020இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. 2023இல் போட்டிச் சட்டம் திருத்தப்பட்ட பின், அதே தொழிலில் இல்லாத இடையாள் ஒருவர் போட்டியாளர்களின் உடன்பாட்டுக்குத் துணைபோனாலும் அவரையும் உடந்தையாகக் கருதலாம். நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் வீடுகளை வாடகைக்கு விடும் நிலை இங்கு வந்தால், குடியிருப்போர் முதலில் நாட வேண்டியது இந்தத் திருத்தத்தையே.