சாய்ந்த முகப்பு ஸ்பீக்கருக்குக் கூடுதல் விலை தரலாமா?

கேள்வி: வீட்டுக் கூடத்துக்காக இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றின் முகப்பு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. ‘டைம் அலைன்மென்ட்’ (எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வருவது) என்று காரணம் சொல்லி, மற்றதைவிட ஒன்றரை மடங்கு விலை கேட்கிறார்கள். அந்த வேறுபாடு காதுக்குத் தெரியுமா?

பதில்: சாய்வுக்குக் காரணம் உண்டு; கேட்கும் விலைக்குத்தான் அது போதாது. தாழ்ந்த ஒலி தரும் வூஃபரின் கூம்பு உள்ளே குழிந்திருக்க, உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டரின் குமிழ் முகப்பை ஒட்டியே இருப்பதால், நேர்ப் பலகையில் வூஃபரின் ஒலி சில சென்டிமீட்டர் பின்னாலிருந்து புறப்படுகிறது; முகப்பைச் சாய்த்தால் ட்வீட்டரும் பின்னுக்குப் போய் அது ஈடாகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும் கணக்கில், 3 செ.மீ. என்பது 0.09 மில்லிநொடித் தாமதம். 1978இல் வெளியான பிளவெர்ட், லாஸ் ஆகியோரின் ஆய்வில், 2000 ஹெர்ட்ஸில் காது உணரத் தொடங்கிய தாமதமோ ஏறத்தாழ 1 மில்லிநொடி.

ஆனால் அதே 3 செ.மீ. வேறொரு வழியில் காதில் விழக்கூடும். ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துத் தரும் சுற்றான கிராஸ்ஓவர் 2500 ஹெர்ட்ஸில் இருந்தால், அங்கே இரண்டும் சேர்ந்து ஒலிக்கின்றன. அலைநீளம் சுமார் 13.7 செ.மீ. என்பதால், 3 செ.மீ. பின்தங்கினாலே ஃபேஸ் (அலையின் ஏற்ற இறக்க நிலை) 79 பாகை விலகிவிடும். விலகல் 180 பாகையை நெருங்கும்போது ஒன்றையொன்று அழித்து, அந்த இடத்தில் ஒலி பள்ளமாகிவிடும். பாடகரின் குரல் உள்வாங்கியது போலக் கேட்கும். இதைச் சாய்வால்தான் சரிசெய்ய வேண்டும் என்பதில்லை. ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் சரிவுள்ள கிராஸ்ஓவரில் ட்வீட்டரின் ஒயரை மாற்றி இணைப்பதும், 24 டெசிபல் சரிவுள்ள லிங்க்விட்ஸ்-ரைலி என்ற கிராஸ்ஓவர் வகையில் இரண்டையும் ஒரே ஃபேஸுக்குக் கொண்டுவருவதும் வழக்கமான முறைகளே. அலைவடிவம் காலம் பிசகாமல் அப்படியே வர வேண்டுமென்றால் 6 டெசிபல் கிராஸ்ஓவரும் சாய்வும் சேர்ந்தே வேண்டும். அதுவும் குறிப்பிட்ட ஓர் உயரத்தில் அமர்ந்து கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.

ஆகவே கிராஸ்ஓவர் எத்தனை டெசிபல் என்று முதலில் கேளுங்கள். 24 டெசிபல் என்றால், ட்வீட்டரை மட்டும் தலைகீழாக இணைத்து அளந்த வரைபடம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். கிராஸ்ஓவர் இடத்தில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால், சரியான இணைப்பில் ஃபேஸ் நன்றாகப் பொருந்துகிறது என்று பொருள். வரைபடம் கிடைக்காவிட்டால், தனிக்குரல் பாட்டு ஒன்றைப் போடச் சொல்லி, உட்கார்ந்தும் மெல்ல எழுந்தும் கேட்டுப் பாருங்கள். தலையைச் சற்று உயர்த்தியதுமே குரல் வெளிறிப்போகும் ஜோடி, சோபாவிலும் தரையிலுமாகக் குடும்பம் உட்காரும் கூடத்துக்கு ஏற்றதல்ல.

அதற்கு முன் இரண்டு ஸ்பீக்கரின் பின்புறத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒன்றில் மட்டும் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இடம் மாறியிருந்தால், தாழ்ந்த ஒலி மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் சிதறும். விற்பனைக் கூடத்திலேயே இப்படி இணைத்து வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.