நேருக்கு நேர் எழுத்துப் போட்டி: மனக்கசப்பு இல்லாமல் நடத்துவது எப்படி?

கேள்வி: எங்களுடையது ஆன்லைனில் இயங்கும் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் குழு. 12 பேர் எழுதத் தயார். நான் எழுதாமல் ஒருங்கிணைப்பை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். இருவர் இருவராக மோதும் போட்டி ஒன்றை முன்பு நாக்-அவுட் முறையில் நடத்தி, லைக் எண்ணிக்கையை வைத்து வெற்றியாளரை அறிவித்தோம். நண்பர் வட்டம் பெரிதாக உள்ளவர்களே ஜெயிக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. முதல் சுற்றிலேயே தோற்ற சிலர் குழுவில் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். மறுபடி நடத்த ஆசை. எங்கே மாற்ற வேண்டும்?

பதில்: இரண்டு இடங்களில் மாற்ற வேண்டும். ஒன்று ஆட்ட முறை, இன்னொன்று தீர்ப்பு முறை. நட்புக்காக நடத்தும் போட்டியில் ஒவ்வொரு முடிவையும் ஒரே கேள்வியை வைத்து எடுங்கள்: தோற்றவர் கையில் என்ன மிஞ்சுகிறது? ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் கூலி கிடைக்கும் நேரத்தை ஒதுக்கி உங்களுக்காக எழுதுகிறார். அவருக்கு இன்னொரு ஆட்டமும், தன் எழுத்தைப் பற்றி யாரோ கவனமாக எழுதிய அரைப் பக்கமும் கிடைத்தால் தங்குவார். இல்லையென்றால் போய்விடுவார்.

நாக்-அவுட்டில் 12 பேருக்கு மொத்தம் 11 ஆட்டம்தான். நாக்-அவுட்டுக்கு 8, 16 என்று இரட்டிக்கும் எண்ணிக்கை வேண்டும்; 16க்கு நான்கு பேர் குறைவதால் நால்வர் எழுதாமலே இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். இரண்டாம் சுற்று முடியும்போது எட்டுப் பேர் வெளியே இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் எழுதியது ஒரே ஒரு படைப்பு. எல்லோரும் எல்லோருடனும் மோதும் லீக் வைத்தாலோ 66 ஆட்டம், 11 சுற்று. பாதி வழியிலேயே ஆட்கள் களைத்துவிடுவார்கள்.

உங்கள் எண்ணிக்கைக்குப் பொருந்துவது சதுரங்கத்தில் வழங்கும் சுவிஸ் முறை. 1895ல் ஜூரிச்சில் நடந்த சதுரங்கப் போட்டியில் தொடங்கியதால் அந்தப் பெயர். இதில் யாரும் வெளியேறுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சமமான புள்ளியில் நிற்பவர்கள் மோதுவார்கள். ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோதக் கூடாது. நான்கு சுற்று, சுற்றுக்கு ஆறு ஆட்டம், ஆக 24 ஆட்டம். ஒவ்வொருவரும் நான்கு முறை எழுதுவார்கள். 16 பேர் வரை நான்கு சுற்று முடிவில் தோல்வியே காணாதவர் ஒருவருக்கு மேல் இருக்க முடியாது என்பதால் முதலிடத்துக்கும் பெரும்பாலும் குழப்பம் வராது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு: தொடர்ந்து தோற்பவருக்கு அவர் நிலையில் உள்ள எதிராளியே அமைவதால், மூன்றாம் சுற்றுக்குள் பெரும்பாலும் அவருக்கும் ஒரு வெற்றி வந்துவிடும்.

முதல் சுற்று ஜோடிகளைக் குலுக்கலில் போடுங்கள். கூகுள் ஷீட்டில் ரேண்ட் ஃபங்ஷன் போட்டு வரிசைப்படுத்தலாம், ஆனால் ஷீட்டில் எதைத் தொட்டாலும் அந்த எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். எண்கள் வந்தவுடன் நகலெடுத்து, மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிட்டு, அதன்பிறகு வரிசைப்படுத்துங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பின்னர் அறிவிக்கும் ஜோடியும் ஷீட்டில் தெரியும் ஜோடியும் வேறு வேறாக இருக்கும். குலுக்கலின் மீதே சந்தேகம் வரும்.

இரண்டாம் சுற்றில் ஜெயித்த அறுவரும் தங்களுக்குள், தோற்ற அறுவரும் தங்களுக்குள். மூன்றாம் சுற்றில் 2 புள்ளியில் மூவர், 1 புள்ளியில் அறுவர், பூஜ்ஜியத்தில் மூவர் இருப்பார்கள். ஒற்றைப்படையாக மிஞ்சுபவரை அடுத்த புள்ளிக் குழுவில் ஒருவரோடு சேர்த்துவிடுங்கள். யாராவது விலகி 11 பேர் ஆனால், புள்ளி குறைவாக உள்ள ஒருவருக்கு ஆடாமலே 1 புள்ளி கொடுங்கள். ஒரே ஆளுக்கு அது இரண்டாம் முறை வரக் கூடாது. அந்தச் சுற்றில் அவர் கூடுதல் நடுவராக இருக்கட்டும். கடைசியில் இருவர் சம புள்ளியில் நின்றால், அவரவர் எதிராளிகள் நால்வரும் எடுத்த புள்ளிகளைக் கூட்டுங்கள். 3 புள்ளி எடுத்த ஒருவரின் எதிராளிகள் மொத்தம் 9 எடுத்திருக்கிறார்கள், இன்னொருவருடையவர்கள் 7 என்றால், வலுவானவர்களோடு மோதிய முதலாமவரே மேலே.

இனி தீர்ப்பு. பொது லைக்கைக் கைவிடுங்கள். அது அளப்பது எழுதியவரின் அறிமுக வட்டத்தை. பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதும் வேண்டாம். ஒரு நடுவரின் 6 இன்னொருவரின் 8 ஆக இருக்கும். அதே நடுவர் காலையில் போட்ட 7 இரவில் 5 ஆகும். இரண்டை அருகருகே வைத்து எது மேல் என்று சொல்வது மனிதர்களுக்கு இதைவிட எளிது. 1927ல் உளவியலாளர் லூயி தர்ஸ்டன் ஜோடி ஒப்பீட்டை ஒரு அளவை முறையாகவே வகுத்துக் கொடுத்தார். நேருக்கு நேர் போட்டியில் அந்த வசதி தானாகவே அமைகிறது. அதை மதிப்பெண் அட்டையால் கெடுக்க வேண்டாம்.

ஆட்டத்துக்கு மூன்று நடுவர்கள். வெளியே தேட வேண்டியதில்லை, எழுதும் 12 பேரே போதும். சுற்றுக்கு 18 தீர்ப்பு தேவை. ஒரு சுற்றில் சிலருக்கு இரண்டு ஆட்டம் வரும், சிலருக்கு ஒன்று வரும். நான்கு சுற்றில் தலைக்கு ஆறு வரும்படி சரிசெய்துகொள்ளுங்கள். தன் போட்டியாளரை வேண்டுமென்றே கீழே தள்ளுவார்களே என்ற அச்சத்துக்கு ஒரு சிறிய விதி போதும்: இரண்டாம் சுற்றிலிருந்து, ஒருவர் எந்தப் புள்ளியில் நிற்கிறாரோ, அதே புள்ளிக்காரர் எழுதும் ஆட்டத்துக்கு அவரை நடுவராகப் போடாதீர்கள். இரண்டாம் சுற்றில் ஜெயித்த அணி தோற்ற அணியின் ஆட்டங்களையும், தோற்ற அணி ஜெயித்தவர்களுடையதையும் பார்க்கும். மூன்றாம் சுற்றில் 1 புள்ளிக்காரர்கள் அறுவருக்கும் தலா ஒரு ஆட்டம், மற்ற அறுவருக்கும் தலா இரண்டு என்று பிரித்தால் 18ம் கச்சிதமாக அடங்கும்.

முதலில் படித்ததற்கும் கடைசியாகப் படித்ததற்கும் மனதில் தனி இடம் விழுந்துவிடும். எனவே ஒரு நடுவருக்கு அ–ஆ வரிசையிலும், அடுத்தவருக்கு ஆ–அ வரிசையிலும் அனுப்புங்கள். மூன்றாமவருக்கு நாணயம் சுண்டிப் பாருங்கள்.

நடுவர் படிவத்தில் மூன்றே கேள்விகள் இருக்கட்டும். இரண்டில் எதை ஒரு திருத்தமும் இல்லாமல் வாசகருக்கு அனுப்புவீர்கள்? ஒவ்வொரு படைப்பிலும் உங்களை நிறுத்திய ஒரு வாக்கியம் எது? ஒவ்வொன்றிலும் மாற்ற வேண்டிய ஒரே இடம் எது, ஏன்? இரண்டாவதும் மூன்றாவதும் கட்டாயம் என்று வையுங்கள். ஒரு படைப்பைப் பற்றிய கருத்து 60 சொல்லுக்குக் குறைந்தால் நடுவருக்கே திருப்பி அனுப்புங்கள். “நடை சுகமாக இல்லை, இன்னும் முயற்சி செய்யலாம்” என்ற கருத்தால் எழுதியவருக்கு ஒரு பயனும் இல்லை. காது கேட்கும் கருவி பற்றிய வழிகாட்டி ஒன்றுக்கு, “காதில் கருவியை எப்படிப் பொருத்துவது என்பதுதான் வாசகரின் முதல் கேள்வி. அதற்குப் பதில் நான்காம் பத்தியில்தான் வருகிறது. முதல் இரண்டு பத்திகளையும் எடுத்துவிட்டாலும் எதுவும் குறையாது” என்று வந்தால், அவர் அன்றைக்கே உட்கார்ந்து திருத்திவிடுவார். முதல் சுற்று தொடங்கும் முன் இப்படி இரண்டு மாதிரிகளை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் கருத்து எழுதத் தெரியாது என்பதல்ல, எந்த அளவுக்கு எழுதலாம் என்ற தயக்கம்தான்.

எழுதியவர் யார் என்று நடுவருக்குத் தெரியக் கூடாது. ஆனால் பெயர் மறைப்பில் ஓட்டைகள் அதிகம். வேர்ட் கோப்பிலும் பிடிஎஃப்பிலும் எழுதியவர் பெயர் கோப்பின் விவரங்களில் ஒட்டிக்கொண்டு வரும். கூகுள் டாக்ஸ் இணைப்பைப் பகிர்ந்தால் உரிமையாளர் யார் என்று தெரிய வாய்ப்பு உண்டு. ஆகவே கோப்பே வாங்காதீர்கள். கூகுள் ஃபார்மில் நீண்ட விடைக்கான பெட்டி ஒன்று வைத்து, அதில் எழுத்தை ஒட்டச் சொல்லுங்கள். தடித்த எழுத்து, சாய்வெழுத்து எல்லாம் உதிர்ந்து எல்லாப் படைப்பும் ஒரே தோற்றத்துக்கு வந்துவிடும். யூனிகோடில் மட்டும் என்று விதியிலேயே எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் பெட்டியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வந்து நிற்கும், கெடு நேரத்தில் யாரும் கவனிக்கமாட்டார்கள். யார் யாரோடு மோதுகிறார் என்பதும் முடிவு வரும்வரை உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். நடை பிடிபட்டு “இது இன்னாருடையது” என்று நடுவருக்குத் தோன்றினால், படிப்பதை நிறுத்திவிட்டு உங்களிடம் சொல்லட்டும், வேறொருவருக்கு மாற்றிவிடலாம். சுற்றுக்கு இரண்டு பேரை அதற்கென்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு: 400 சொல், பத்து விழுக்காடு கூடக்குறைய இருக்கலாம். தமிழில் சொல் எண்ணிக்கை வழுக்கும் தரை என்பதைக் கவனியுங்கள். ‘வந்துகொண்டிருந்தான்’ என்று சேர்த்து எழுதுபவருக்கு ஒரு சொல், ‘வந்து கொண்டு இருந்தான்’ என்று பிரிப்பவருக்கு மூன்று. சேர்த்து எழுதும் பழக்கம் உள்ளவர் அதே 400 சொல்லில் மற்றவரைவிடக் கணிசமாக அதிகம் எழுதிவிடலாம். எழுத்துக் கணக்கும் முழுத் தீர்வல்ல; ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, பல மென்பொருள்களுக்கு ஐந்து, ஏனென்றால் அவை புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகின்றன. ஆனாலும் அந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி விழும். எனவே சொல் எண்ணிக்கையை வழிகாட்டியாகச் சொல்லிவிட்டு, மேல் வரம்பை எழுத்துக் கணக்கில் வையுங்கள். எந்தக் கருவியில் எண்ணுவீர்கள் என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள்.

கொடுக்கும் தலைப்பில்தான் ஆட்டத்தின் தரம் இருக்கிறது. ‘மழை’, ‘பயணம்’ என்று விட்டால் பழைய கோப்பிலிருந்து ஒன்றைத் தூசி தட்டி அனுப்பிவிடலாம். இரண்டு படைப்பும் ஒப்பிட முடியாத தூரத்தில் நிற்கும். வாடிக்கையாளர் தருவதுபோன்ற குறிப்பாகக் கொடுங்கள். உதாரணமாக: முதன்முறை காது கேட்கும் கருவி வாங்கியவருக்கான வழிகாட்டி, வாசகர் வயது 70க்கு மேல், தொழில்நுட்பச் சொல் கூடாது, எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது கடைசிப் பத்தியில் வர வேண்டும். இருவரும் ஒரே வாசகருக்கு, ஒரே வரம்புக்குள் எழுதுவதால் நடுவருக்கு ஒப்பிட ஏதாவது கிடைக்கும். நான்கு சுற்றில் இரண்டு இப்படித் தொழில்முறைக் குறிப்பு, ஒன்று புனைவு, ஒன்று மோசமாக எழுதப்பட்ட ஒரே பத்தியை இருவரும் செப்பனிடுவது என்று கலந்து வையுங்கள். செப்பனிடும் சுற்றைத் தவறவிடாதீர்கள். புனைவில் பின்தங்குபவர்கள் சிலர் அதில் தலைநிமிர்வார்கள். உண்மையான வாடிக்கையாளர் ஒருவரின் வேலையைத் தலைப்பாகக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. அது 12 பேரிடம் இலவசமாக வேலை வாங்குவது.

ஒரு சுற்றுக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். தலைப்பு வந்து 48 மணி நேரத்தில் படைப்பு, அடுத்த ஐந்து நாளில் தீர்ப்பு, அதற்கு மறுநாள் முடிவு, மீதி நாட்கள் ஓய்வு. வெவ்வேறு நாடுகளில் இருப்பவர்கள் என்றால் கெடுவை யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் சொல்லி, ஒவ்வொருவரும் தம் ஊர் நேரத்துக்கு மாற்றி உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். படைப்பு வந்து சேர்ந்த நேரம் ஷீட்டில் பதிவாகும், ஆனால் அது ஷீட்டின் அமைப்பில் உள்ள நேர மண்டலத்தில் இருக்கும். அதை முதல் நாளே சரிபாருங்கள். 15 நிமிடம் சலுகை. அதையும் தாண்டி வந்தால் புள்ளி எதிராளிக்கு, ஆனால் தாமதமாக வந்த படைப்பும் நடுவர்களுக்குப் போகும், கருத்தும் வாங்கும். எழுதவே முடியாதவர் முந்தைய நாள் சொல்லிவிட்டால் எந்த முகச்சுளிப்பும் கூடாது. தொழிலில் அவசர வேலை வருவது சகஜம்.

செயற்கை நுண்ணறிவு பற்றி முதல் சுற்றுக்கு முன்பே ஒரு விதி போடுங்கள்: அறவே கூடாதா, எழுத்துப்பிழை பார்க்க மட்டுமா என்று குழுவே முடிவு செய்யட்டும். கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி யாரையும் நீக்காதீர்கள். மனிதர் எழுதியதையும் அவை இயந்திரம் எழுதியது என்று சொல்வதுண்டு. சந்தேகம் வந்தால் வரைவு வரலாற்றைத் தனியே கேட்டுப் பாருங்கள், அதுவே போதும்.

முடிவைக் குழுவில் அறிவிக்கும் முன் இருவருக்கும் நடுவர் கருத்துகளைத் தனித்தனியே அனுப்பி, 12 மணி நேரம் கழித்து அறிவியுங்கள். தோல்வியைக் குழுவில் எல்லோரோடும் சேர்ந்து தெரிந்துகொள்வதற்கும் தனியாகப் படித்து ஜீரணித்த பின் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம். அறிவிப்பில் ஜெயித்தவர் பெயரும் இரண்டு படைப்பிலிருந்தும் நடுவர்கள் எடுத்துக்காட்டிய வாக்கியங்களும் வரட்டும். 3–0, 2–1 கணக்கு வேண்டாம். ‘இந்த வருடத்தின் சிறந்த எழுத்தாளர்’ போன்ற பட்டமும் வேண்டாம். முதலாமவர் இரண்டாமவரையும், இரண்டாமவர் மூன்றாமவரையும் வென்று, மூன்றாமவர் முதலாமவரை வெல்வது நடக்கக்கூடியதே. வாக்கெடுப்பில் இப்படிச் சுற்றிவரும் முடிவுகளைப் பிரெஞ்சு அறிஞர் காந்தோர்சே 1785லேயே எழுதிவைத்திருக்கிறார்.

நுழைவுக் கட்டணம் வாங்காதீர்கள். பணம் புழங்கத் தொடங்கினால் சட்டம், வரி, கணக்கு எல்லாம் கூடவே வரும். முதலிடம் பெற்றவரின் நீண்ட படைப்பு ஒன்றைக் குழுவில் மூவர் வரிக்கு வரி திருத்தித் தருவது நல்ல பரிசு. படைப்பின் உரிமை எழுதியவருடையது. பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் பதிவு எதுவும் செய்யாமலே அது அவருக்கு உண்டு. குழுவுக்குள் படிக்க மட்டும் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவெளியில் போட்டுவிட்டால் ‘ஏற்கெனவே வெளியானது’ என்று பல இதழ்கள் ஏற்காது. எழுதியவர் அதை விற்கும் வாய்ப்பு போய்விடும்.

கடைசி நேரத்தில் பாதிப் பேர் விலகி ஆறு பேர் மட்டும் மிஞ்சினால் சுவிஸ் முறையை விட்டுவிட்டு லீக் வையுங்கள்: ஐந்து சுற்று, 15 ஆட்டம். ஒருவரை ஒரே இடத்தில் நிறுத்தி, மற்ற ஐவரையும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் இடம் நகர்த்தினால் எல்லா ஜோடியும் தானே அமைந்துவிடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதில் ஆடாத நால்வரில் மூவர் நடுவர், ஒருவர் மாற்று.