மெயில் போகவில்லையா? முதலில் லாக்கைத் திறங்கள்

திருநெல்வேலி வட்டாரத்தில் சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே. பாதிப் பேர் "மெயில் போகவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். லாக்கில், அதாவது சர்வர் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், விழுந்த வரியைக் கேட்டு வாங்கிய பிறகே பதில் எழுத முடிந்தது. மெயிலை ஏற்க மறுத்த சர்வர் காரணத்தை அந்த வரியிலேயே சொல்லிவிடுகிறது. 4 என்று தொடங்கும் எண் இருந்தால் "பிறகு வா" என்று பொருள். 5 என்று தொடங்கினால் "வராதே". அதைப் படிக்காமல் அமைப்புக் கோப்பில் கைவைக்கிறவர்கள் இருக்கிற கோளாறோடு இன்னொன்றைச் சேர்த்துவிடுகிறார்கள்.

பத்தமடை: அண்ணாச்சி, கோரைப்பாய் ஏற்றுமதி செய்கிறோம். நாங்கள் அனுப்பும் விலைப்பட்டியல் வெளியூர்க்காரர்களின் ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டிக்குள் விழுகிறது. எஸ்.பி.எஃப். பதிவு ஒன்றுக்கு இரண்டாகவே போட்டிருக்கிறோம்.

இரண்டு போட்டதுதான் வினை. உங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்.பி.எஃப். பதிவு. ஒரு டொமைனுக்கு அது ஒரே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் எது சரி என்று எதிர் சர்வர் ஆராயாது. பிழை என்று குறித்துவிட்டுப் போய்விடும். வலைத்தளம் அமைத்தவர் ஒன்றும் சர்வர் அமைத்தவர் ஒன்றும் போட்டிருப்பார்கள். இரண்டையும் ஒரே வரியாக்குங்கள். ஆனால் வெளி நிறுவனங்களின் பெயர்களை அதில் அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். அந்த வரியைச் சரிபார்க்க 10 டி.என்.எஸ். தேடலுக்கு (இணையத்தின் பெயர்-முகவரிப் பதிவேட்டில் தேடுவது) மேல் தேவைப்பட்டால் அதுவும் பிழைதான்.

அடுத்தது டி.கே.ஐ.எம்., அதாவது மெயில் உங்கள் டொமைனுடையதுதான் என்று காட்டும் மின்கையெழுத்து. அதற்கு மேல் டிமார்க், அதாவது இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று எதிர் சர்வருக்குச் சொல்லும் பதிவு. ஜிமெயிலுக்கு அனுப்புகிற எவருக்கும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். இருக்க வேண்டும் என்பது 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறை. நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். நீங்கள் நாளுக்கு ஐம்பது அனுப்பினாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள். டிமார்க்கை எடுத்தவுடன் கடுமையாக வைக்க வேண்டாம். கண்காணிப்பு நிலையில் சில வாரம் விட்டு, வருகிற அறிக்கைகளைப் பாருங்கள். உங்கள் பெயரில் மெயில் அனுப்பும் பில்லிங் மென்பொருள் ஏதாவது இருந்தால் அப்போது வெளிப்படும்.

பி.டி.ஆர். பதிவைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஐ.பி. முகவரியைக் கொடுத்தால் சர்வரின் பெயர் வர வேண்டும். அந்தப் பெயரைக் கொடுத்தால் அதே ஐ.பி. திரும்ப வர வேண்டும். இதை டொமைன் வாங்கிய இடத்தில் தேடினால் கிடைக்காது. ஐ.பி. யாருடையதோ அவர்களிடம், அதாவது சர்வரை வாடகைக்குக் கொடுத்தவரிடம்தான் மாற்ற முடியும்.

எல்லாம் முடிந்ததும் உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, அதன் மூல வடிவத்தைத் திறந்து பாருங்கள். மூன்று சோதனைக்கும் நேரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். ஐ.பி. புதிது என்றால் அதன் பிறகும் சில நாள் ஸ்பேமில் விழலாம். வாடிக்கையாளர் பட்டியல் முழுவதற்கும் முதல் நாளே அனுப்பிவிடாதீர்கள்.

அம்பாசமுத்திரம்: ஒரு அலுவலகத்துக்கு மட்டும் மெயில் உடனே போவதில்லை. 451 என்று வருகிறது. பத்து நிமிடம் கழித்துத் தானாகப் போய்விடுகிறது.

கிரேலிஸ்டிங். அறிமுகமில்லாத சர்வரை முதல் முறை திருப்பி அனுப்புவது அவர்கள் வழக்கம். ஸ்பேம் அனுப்பும் நிரல்கள் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. ஒழுங்கான சர்வர் வரும். மெயில் சர்வர் நிரலான போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நாள் வரை முயன்றுகொண்டே இருக்கும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

பாளையங்கோட்டை: கல்லூரி மாணவன் நான். வீட்டிலேயே சர்வர் வைத்தேன். வெளியே போகும் மெயில் எல்லாம் 'நேரம் முடிந்தது' என்று நிற்கிறது. போர்ட் 25-ஐ 587 ஆக்கினால் சரியாகுமா?

ஆகாது, தம்பி. 587 என்பது பயனர் தன் சர்வரிடம் மெயிலை ஒப்படைக்கும் வாசல். சர்வரும் சர்வரும் பேசுவது 25-இல்தான். வீட்டு இணைப்புகளில் அதை அடைத்துவைப்பது சாதாரணம். பல கிளவுட் நிறுவனங்களும் அடைத்தே தருகின்றன. அடைப்பு நீங்கினாலும் வீட்டு ஐ.பி. முகவரிகள் ஸ்பேமைத் தடுக்கப் பட்டியல்கள் வெளியிடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பி.பி.எல். பட்டியலில் இருக்க வாய்ப்பு அதிகம். நீ குற்றம் செய்தாய் என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த முகவரிகளிலிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது என்கிற பட்டியல் அது. வெளியே போவதை மட்டும் ஒரு ரிலே சேவை (உன் மெயிலை வாங்கி உனக்காக அனுப்பித் தரும் வெளி சர்வர்) வழியாக, 587-இல், கடவுச்சொல்லோடு அனுப்பு. ரிலே வைத்தால் அது சொந்த சர்வரே இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்களை விட்டுவிடு.

கல்லிடைக்குறிச்சி: அப்பள வியாபாரம். காலையில் பார்த்தால் அனுப்பக் காத்திருக்கும் வரிசையில் ஆயிரக்கணக்கான மெயில், ஒன்றும் நாங்கள் அனுப்பியதில்லை. சர்வரை அணைத்துப் போட்டும் குறையவில்லை, அண்ணாச்சி.

வரிசை வட்டில் சேமிக்கப்படுகிறது, அணைத்துப் போட்டால் எப்படிக் குறையும்? முதலில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்துங்கள். இனி ஒரு மெயிலும் வெளியே போகக்கூடாது. பிறகு வரிசையிலிருந்து ஒரு மெயிலின் எண்ணை எடுத்து லாக்கில் தேடுங்கள். உள்நுழைந்த பயனரின் பெயர் கிடைத்தால் அந்தக் கணக்கின் கடவுச்சொல் திருடு போயிருக்கிறது. பெயருக்குப் பதிலாக வலை சர்வரின் பயனர் எண் இருந்தால், உங்கள் வலைத்தளத்தின் தொடர்புப் படிவம் வழியாக ஆள் நுழைந்திருக்கிறான். முதல் வகை என்றால் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடைப் பெயரோடு 123 சேர்த்து வைத்திருந்தீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. இரண்டாம் வகை என்றால் ஓட்டையை அடைக்கும்வரை படிவத்தை எடுத்துவிடுங்கள்.

அதன் பிறகு அந்த அனுப்புநரின் மெயில்களை மட்டும் வரிசையிலிருந்து நீக்குங்கள். ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்தால் உங்கள் ஆர்டர்களும் போய்விடும். தடைப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி விண்ணப்பிப்பது கடைசி வேலை. ஓட்டையை அடைக்காமல் விண்ணப்பித்தால் மறுநாளே திரும்பச் சேர்த்துவிடுவார்கள், அடுத்த முறை இறங்கி வரவும் மாட்டார்கள். ஒரு பயனர் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மெயில்தான் அனுப்பலாம் என்ற வரம்பும் வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் தனியாக அதைச் செய்யாது. அதற்கென்று ஒரு நிரலைச் சேர்க்க வேண்டும்.

புளியங்குடி: எலுமிச்சை மண்டிக் கணக்குக் கோப்பு 8 எம்.பி.தான். வரம்பு 10 எம்.பி. என்கிறார்கள், ஆனால் போக மறுக்கிறது.

இணைப்புக் கோப்பை எழுத்துகளாக மாற்றித்தான் மெயில் அனுப்பப்படுகிறது. அதில் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். உங்கள் 8, ஏறத்தாழ 11 ஆகிவிடுகிறது. போஸ்ட்ஃபிக்ஸில் முன்கூட்டியே வைத்திருக்கும் வரம்பு 1,02,40,000 பைட். அதை உயர்த்தலாம், எதிர்முனையும் ஏற்க வேண்டும்.

தென்காசி: வெளியே போகிறது, உள்ளே ஒன்றும் வருவதில்லை. அனுப்பியவர்களுக்கெல்லாம் 'நீங்கள் ஸ்பாம்ஹவுஸ் தடைப் பட்டியலில் இருக்கிறீர்கள்' என்று பதில் போகிறதாம். எல்லோருமா ஸ்பேமர்கள்?

இல்லை. உங்கள் சர்வர் டி.என்.எஸ். தேடலுக்கு 8.8.8.8 போன்ற பொதுச் சேவையைப் பயன்படுத்துகிறது. அந்த வழியாக வரும் கேள்விகளை ஸ்பாம்ஹவுஸ் ஏற்பதில்லை, 127.255.255.254 என்று ஒரு பிழைக் குறியைத் திருப்புகிறது. எந்தப் பதில் வந்தாலும் தடை என்று உங்கள் விதி எடுத்துக்கொள்கிறது. சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற ஒரு டி.என்.எஸ். நிரலை நிறுவி, தேடலை அதன் வழியாக விடுங்கள். உண்மையான தடைக் குறிகளுக்கு மட்டும் மறுக்கும்படி விதியையும் திருத்துங்கள்.

வள்ளியூர்: பி.டி.ஆர். சரியாக இருக்கிறது, நானே சோதித்தேன். ஜிமெயில் மட்டும் பி.டி.ஆர். இல்லை என்று மறுக்கிறது.

உங்கள் சர்வருக்கு இரண்டு வகை ஐ.பி. முகவரி இருக்கிறது. நீங்கள் சோதித்தது பழைய வகையான ஐ.பி.வி.4 முகவரியை. மெயில் போவது புதிய வகையான ஐ.பி.வி.6 வழியாக, நீங்கள் அனுப்பிய லாக் வரியிலேயே அந்த நீள முகவரி இருக்கிறது. அதற்கும் பி.டி.ஆர். பதிவு போடுங்கள். வாடகைக்குக் கொடுத்தவர் அதற்கு வழி தரவில்லை என்றால், போஸ்ட்ஃபிக்ஸை ஐ.பி.வி.4 மட்டும் பயன்படுத்தும்படி மாற்றி மறுபடி தொடங்குங்கள்.