வடிவாக்கித் தாங்கோ: கைத்தொழில் வடிவமைப்பு கேள்வி பதில்

இம்முறை கடிதங்கள் அதிகம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

மானிப்பாய், உயர்தர மாணவி: எனக்கு வரைதல் நன்றாக வரும். மொறட்டுவையில் வடிவமைப்புப் படிக்க விருப்பம். உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி மட்டும் போதுமா?

போதாது தங்கச்சி. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பட்டத்துக்கு உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நல்ல பெறுபேற்றோடு இருந்தும் அந்தத் திகதியைத் தவறவிட்டுவிட்டு என்னிடம் வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை நீங்களே வாசியுங்கள். ரியூசனில் சொன்னார்கள் என்று இருந்துவிட வேண்டாம்.

வரைதலுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். முகங்களையும் பூக்களையும் கொஞ்ச நாள் விட்டுவிட்டு உங்கள் குசினியில் இருக்கும் தேங்காய்த் துருவலையை வரையுங்கள். இருப்பவரின் பாரம் எங்கே இறங்குகிறது? அலகு ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது? அளவெடுத்து எழுதுங்கள். பிறகு அதையே அட்டையில் செய்து பாருங்கள்.

கொக்குவில்: மோட்டார் சைக்கிளில் கைபேசி வைக்க ஒரு தாங்கியை முப்பரிமாண அச்சில் எடுத்தேன். இரண்டு நாளில் வளைந்துவிட்டது. அச்சு இயந்திரம் பழுதா?

இயந்திரத்தில் பிழையில்லை. நீங்கள் போட்டது பிஎல்ஏ என்ற பிளாஸ்ரிக். அது 60 பாகை செல்சியஸ் அளவில் இளகிவிடும். நம் வெயிலில் நிறுத்திய வண்டியின் மேலுள்ள கறுப்புத் துண்டு அந்தச் சூட்டைத் தொடும். ஏபிஎஸ் என்ற பிளாஸ்ரிக் 100 பாகை அளவு வரை தாங்கும். அதில் எடுங்கள்.

சாவகச்சேரி, பட்டறை உரிமையாளர்: தேங்காய் துருவும் மின் இயந்திரம் ஒன்றைச் செய்து முடித்துவிட்டோம். நன்றாக வேலை செய்கிறது. விற்பதற்கு முன் அதை வடிவாக்கித் தர எவ்வளவு எடுப்பீர்கள்?

ஐயா, நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கேட்கும் கேள்வி இது. எங்கள் ஊரில் வடிவு என்றால் அழகு. பிள்ளை வடிவு, சீலை வடிவு என்கிறோம். அதனால் வடிவமைப்பாளர் என்றதும், எல்லாம் முடிந்த பிறகு வந்து மினுக்கிக் கொடுப்பவர் என்று நினைத்துவிடுகிறார்கள். பெயின்ற், ஸ்ரிக்கர், வளைந்த மூடி. அவ்வளவுதான் வேலை என்று எண்ணி, காசு முடிந்த பிறகு கூப்பிடுகிறார்கள்.

பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் இப்படித்தான் மா அரைக்கும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தது. இயந்திரத்தை நிறுத்தும் ஆளியை இடம் மாற்ற வேண்டும் என்று சொன்னேன். உடம்பை வெட்டி முடித்தாயிற்று, இனி மாற்ற முடியாது என்றார்கள். நானும் மூடியை மட்டும் வரைந்து கொடுத்தேன். படத்தில் மிகவும் வடிவாக இருந்தது. பிறகு அதில் வேலை செய்த ஒரு அம்மாவைக் கண்டேன். நிறுத்துவதற்கு ஒவ்வொரு முறையும் ஓடும் பட்டிக்கு மேலால் கையை நீட்டுவதாகவும், சீலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டுதான் கிட்டப் போவதாகவும் சொன்னார். அந்த வேலையை நான் ஒப்புக்கொண்டிருக்கவே கூடாது.

வடிவமைப்பு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. ஜெய்ப்பூர்க் கால் என்ற செயற்கைக் கால். 1968 அளவில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திரா என்ற கைவினைஞரும் டொக்டர் பி.கே.சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987இலிருந்து இயங்குகிறது. போரில் காலிழந்த எத்தனையோ பேர் அங்கே மறுபடி நடந்தார்கள். மேலைநாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துப் போட்டு, கதிரையில் இருப்பவரை நினைத்துச் செய்தது. ஜெய்ப்பூர்க் கால் குந்தவும், சப்பாணி கட்டி இருக்கவும், வயலுக்குள் வெறுங்காலோடு இறங்கவும் விடுகிறது. அது தோலின் நிறத்தில், விரல்களோடு, பாதம் போலவே தெரிகிறது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போகிற மனிதருக்கு அதுவும் தேவை. அந்த வடிவு கடைசியில் ஒட்டியது இல்லை. தேவையைப் பார்த்தபோதே சேர்ந்து வந்தது.

இனி உங்கள் இயந்திரம். மூன்று வீடுகளுக்குக் கொண்டுபோங்கள். துருவுகிறவர் நின்று துருவுகிறாரா, இருந்து துருவுகிறாரா? வழுக்கிய கை எங்கே போய் விழுகிறது? ஆளி எந்தப் பக்கம்? அலகில் ஒட்டிய தேங்காய்ப் பூவை எதனால் கழுவுகிறார், தண்ணீர் மோட்டாருக்குள் போகிறதா? புவித்தொடுப்பு (எர்த்) இருக்கிறதா? பிளாஸ்ரிக் மூடியை வார்க்கும் உருக்கு அச்சைச் செய்யக் கொடுத்திருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். அச்சு இலட்சக்கணக்கில் போகும், உருக்கை வெட்டிய பிறகு திருத்துவது பெரும்பாடு. பொலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்ரிக் ஆறும்போது நூற்றுக்கு இரண்டு வரை சுருங்கும். பக்கச் சுவருக்கு ஒன்றிரண்டு பாகை சரிவு கொடுக்காவிட்டால் துண்டு அச்சிலிருந்து கழலாது. முதலில் மூடியை அட்டையில் செய்து பாருங்கள். விலையைப் பிறகு பேசுவோம்.

நெல்லியடி: பனையோலையில் மடிக்கணினிப் பை செய்யப் போகிறேன். படம் இணைத்துள்ளேன். சரிவருமா?

படம் கணினி வரைந்த படம். ஓலை அதில் துணி போல் மடிகிறது. உண்மையான ஓலை அப்படி மடியாது, மடித்த இடத்தில் வெடிக்கும். எத்தனை அங்குல மடிக்கணினி, அதன் பாரம் எவ்வளவு, கைபிடி எங்கே பொருந்துகிறது, எதையும் எழுதவில்லை. ஒரு கிழமை பனையோலைக் கடகம் இழைக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து பழகுங்கள். பிறகு அளவுகளோடு எழுதுங்கள், பதில் தருகிறேன்.

பல வாசகர்கள்: எந்த மென்பொருள் நல்லது?

பென்சில். அப்புறம் அட்டையும் கத்தியும். அதற்குப் பிறகு ரைனோ, சொலிட்வேர்க்ஸ், ஃபியூஷன் எதுவானாலும் சரி.

பருத்தித்துறை: புதிய வடிவத்தில் ஒரு விளக்கு செய்தேன். முகநூலில் போட்டவுடன் நிறையப் பேர் விரும்பினார்கள். இனிப் பதிவு செய்யலாமா?

போடுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டும் தம்பி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி வடிவம் புதியதாக இருந்தால்தான் பதிவு. ஊருக்கெல்லாம் காட்டியது புதியதா என்ற கேள்வி வரும். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரியுங்கள். பதிவு 5 வருடத்துக்கு, இரண்டு முறை புதுப்பித்தால் மொத்தம் 15. அடுத்த விளக்கை விண்ணப்பம் கொடுத்த பிறகு காட்டுங்கள்.

திருநெல்வேலி, வடிவமைப்புப் பட்டதாரி: படிப்பிக்க அழைப்பு வந்திருக்கிறது. தொழிலை விட்டுவிட்டுப் போகலாமா, இரண்டையும் செய்யலாமா?

விட வேண்டாம். ஜேர்மன் வடிவமைப்பாளர் டீற்றர் ராம்ஸ் 1955இல் பிரவுண் நிறுவனத்தில் சேர்ந்து, 1995 வரை அதன் வடிவமைப்புத் தலைவராக இருந்தார். 1981இல் ஹம்பேர்க்கில் பேராசிரியரானபோதும் அந்த வேலையை விடவில்லை. முதல் ஐந்து வருடமாவது பட்டறைகளில் நில்லுங்கள். நீங்கள் வரைந்த ஒரு துண்டு அச்சில் மாட்டி, அதை நீங்களே தட்டிக் கழற்றிய அனுபவம் இல்லாமல் பக்கச் சுவரின் சரிவைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வீர்கள்? அதுவரை வருகை விரிவுரையாளராகக் கிழமையில் ஒரு நாள் போங்கள். நிரந்தரப் பதவியில் நிலைக்க விரும்பினால் முதுமாணியையும் இடையில் தொடங்கிவிடுங்கள்.

படிப்பிப்பதால் தொழிலுக்கும் ஆதாயம் உண்டு. கைப்பழக்கத்தில் செய்துகொண்டிருந்ததற்கெல்லாம் காரணம் சொல்ல வேண்டி வரும். கிணற்றுத் துலாவின் கயிற்றுக்கும் வாளிக்கும் இடையில் அந்த முடிச்சு ஏன் என்று ஒரு மாணவன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த கிழமை வகுப்பையே ஒரு தோட்டத்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். தோட்டக்காரர் கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டிக் காட்டினார். அன்றைக்கு நானும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.